வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் இளம் குடும்பம்: பெட்டி கட்டும் முன் முடிக்க வேண்டிய கணக்குகள்

செரண்டா – மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறான் என்றால் நம் வீடுகளில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. சிங்கப்பூர் சம்பளத்தில் வீடு வாங்கியவர்கள் எல்லாத் தாமான்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அதே மகன், "வேலையை விட்டுவிட்டு, மனைவி பிள்ளைகளோடு வேறொரு நாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் வீடு சற்று நேரம் அமைதியாகிவிடும். பிறகு கேள்விகள் வரும். சம்பளம் யார் கொடுப்பார்கள்? பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது?

இப்படிக் கேட்பவர்களை 'விசுவாசம் இல்லாதவர்கள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தேடுவதுதான் ஆயத்தம். போகிற குடும்பம் தன் பெட்டியைக் கட்டுவதைவிட, இங்கே தங்குகிறவர்களோடு கணக்கை நேராக்கிக்கொள்வதே அதில் கடினமான பகுதி.

செரண்டா, பத்தாங் காலி, ரவாங், புக்கிட் பெருந்தோங் தொடங்கி கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்கள் வரை உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது இரண்டு வகையில் முக்கியம். ஒன்று, மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் இந்தியர்களில் ஏறக்குறைய 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆகவே ஊழியத்துக்குப் போகிறவரின் அண்ணன், சித்தப்பா, சில வேளைகளில் பெற்ற தாய் தந்தையே வேறு சமயத்தவராக இருப்பார்கள். இரண்டு, 'மிஷனரி' என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தமிழர்கள் தங்கள் சொந்தக் காசில் தங்கள் ஆட்களை வெளியூருக்கு அனுப்பத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

1903-இல் தொடங்கிய கதை

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தை கிராமத்துப் போதகர். அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றியவர். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்புக்குப் போனவர்களில் அன்பு ஒருவர்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெளிநாட்டு மிஷன்களை எதிர்பார்க்காமல், தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் இருந்த தொண்டிப் பக்கம் ஆள் அனுப்பியிருந்தார்கள். அளவில் சிறிய யாழ்ப்பாணத்துச் சபைகள் செய்ததைப் பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவம் இருந்த திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம், நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் தோர்னக்கல். அங்கே மொழி தெலுங்கு. அரசு, சட்டம், உணவு, வெயில் எல்லாமே வேறு. கடல் தாண்டவில்லை என்றாலும் திருநெல்வேலிக்காரருக்கு அது அந்நிய நாடுதான். பிறரை அனுப்பும் வேலையைச் செய்துகொண்டிருந்த அசரியா, 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு, அன்புவோடும் பிள்ளைகளோடும் தாமே அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 35. குடும்பம் முதலில் கூடாரத்தில்தான் தங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1-ஆம் நாள் இறக்கும்வரை தோர்னக்கல்லே அவருடைய ஊர்.

அதே 1903-இல் இன்னொரு குடும்பம் உண்மையாகவே கடல் கடந்தது. நெல்லூரில் இருந்த தெலுங்கு பாப்திஸ்து சபையார், ஜான் ரங்கையா என்பவரை மனைவி பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த தெலுங்கு மக்களுக்காக அவர் போனார். கேர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய முதல் சபை அந்த ஆண்டே தொடங்கியது.

மலாயாவுக்கும் இப்படி வந்தவர்கள் உண்டு. வேலை தேடிக் கப்பலேறி வந்த தமிழ் லுத்தரன் மக்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போதகர்கள் அனுப்பப்பட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இருக்கும் சீயோன் லுத்தரன் தேவாலயம் 1924-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, நம் தோட்டத்து மக்கள் ஒரு காலத்தில் இந்த அனுப்புதலைப் பெற்றுக்கொண்ட பக்கத்தில் இருந்தார்கள். இன்று அனுப்பும் பக்கத்தில் நிற்கிறார்கள்.

யார் அனுப்புகிறார்கள்?

'எனக்கு அழைப்பு வந்தது, போகிறேன்' என்று ஒருவர் தனியாகக் கிளம்புவது நல்ல நடைமுறை அல்ல. பொதுவாக மூன்று தரப்பு இருக்கும். குடும்பம் உறுப்பினராக இருக்கும் உள்ளூர்ச் சபை முதல் தரப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அங்கே மேற்பார்வையும் செய்யும் ஊழிய நிறுவனம் அல்லது திருச்சபையின் மிஷன் பிரிவு இரண்டாவது. போகும் நாட்டில் இவர்களை ஏற்றுக்கொள்ளும் சபை, பள்ளி, மருத்துவமனை போன்ற அமைப்பு மூன்றாவது.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சிக்கல் வரும். உள்ளூர்ச் சபை இல்லையென்றால் பணமும் ஆதரவும் பாதியில் நின்றுவிடும். நிறுவனம் இல்லையென்றால் நோய், விபத்து, கலவரம் என்று ஏதாவது நேர்ந்தால் முடிவெடுக்க ஆள் இருக்காது. ஏற்றுக்கொள்ளும் அமைப்பு இல்லையென்றால், போன இடத்தில் 'உங்களை யார் கூப்பிட்டது?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

தேர்வு நேரத்தில் கணவரிடம் மட்டும் பேசிவிட்டு முடிவெடுப்பது பழைய பழக்கம். இப்போது பல நிறுவனங்கள் மனைவியைத் தனியாகவும் சந்தித்துப் பேசுகின்றன. அவருக்கு உண்மையாகவே விருப்பமா, அல்லது கணவர் சொன்னதால் தலையாட்டுகிறாரா என்று தெரிந்தாக வேண்டும். வெளியூரில் கணவருக்கு வேலையும் தோழர்களும் கிடைத்துவிடுவார்கள். மொழி தெரியாத சந்தையில் காய்கறி வாங்குவதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் தேடுவதும் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழும். தோர்னக்கல்லில் அன்பு மரியம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. கணவரோடு கிராமங்களுக்குப் போனார், பெண்களுக்குக் கற்பித்தார். அவருடைய படிப்பும் மனமும் இல்லாமல் அசரியாவின் வேலை பாதியாகத்தான் இருந்திருக்கும்.

பணம்: வெளிப்படையாகப் பேச வேண்டிய இடம்

பெரும்பாலான ஊழியக் குடும்பங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. சபையும் நண்பர்களும் மாதந்தோறும் தருவதாக வாக்களிக்கும் தொகையே வருமானம். மாதம் 50 வெள்ளி தர 80 குடும்பங்கள் முன்வந்தால் 4,000 வெள்ளி ஆகும். ஒருவரே பெரிய தொகையைத் தருவதைவிட, பலர் சிறு தொகை தருவது பாதுகாப்பானது. பத்துப் பேர் நிறுத்தினாலும் குடும்பம் தாங்கும்.

இது நமக்குப் புதிய முறையும் அல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுக்கும் பழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் இருந்தது. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மக்கள் 1910-இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றுவரை நடக்கிறது. அங்கிருந்து புறப்படும் மிஷனரிகளுக்கு அது பெரிய ஆதாரம். வசதி குறைந்த பெண்களின் அடுப்படியிலிருந்து வந்த அரிசி அது.

கணக்கில் பலர் மறந்துவிடுவது ஊழியர் சேமநிதி. மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவருக்குத் தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் 720 வெள்ளி. ஆண்டுக்கு 8,640 வெள்ளி. பத்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தால், இலாப ஈவைச் சேர்க்காமலே 86,400 வெள்ளி சேமநிதியில் ஏறாமல் போகும். 45 வயதில் திரும்பி வரும்போதுதான் இது உறைக்கும். முதலாளி இல்லாதவர்களும் சேமநிதியில் சுயமாகச் சந்தா கட்டலாம். எனவே மாதத் தேவையைக் கணக்கிடும்போது வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணத்தோடு சேமநிதி, மருத்துவக் காப்புறுதி, அவசர விமானச் செலவு மூன்றையும் சேர்த்துத்தான் சபையிடம் சொல்ல வேண்டும். 'கொஞ்சமாகக் கேட்டால் கௌரவம்' என்று தேவையைக் குறைத்துச் சொல்வது பிறகு பெற்றோரின் கையைக் கடிக்கும்.

கடனும் அப்படித்தான். பிடிபிடிஎன் கல்விக் கடன், கார் கடன், வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் புறப்படும் முன்பே வழி செய்ய வேண்டும். தம்பியோ மாமாவோ உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால், தவணை நிற்கும்போது வங்கி அவர்களைத்தான் தேடி வரும்.

விசாவும் சட்டமும்

சமயப் பணி எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அனுமதிக்கப்படுவதில்லை. இந்தியாவில் சமய ஊழியத்துக்கென்றே தனி மிஷனரி விசா உண்டு. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது அந்த விசாவின் நிபந்தனைக்கு எதிரானது. 'ஊர்ப் பக்கம்தானே, நம் மொழிதானே' என்று நினைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேப்பாளத்தில் 2018 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டம், பிறரை மதம் மாற்றுவதைக் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டவர் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தப்படுவார்.

நமக்கும் இத்தகைய எல்லைகள் புதியவை அல்ல. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தருகிறது.

இதனால்தான் பல குடும்பங்கள் ஆசிரியர், தாதி, விவசாயப் பயிற்சியாளர், கணக்காளர் என்று ஒரு தொழிலோடு போகின்றன. அதில் தவறில்லை, அந்தத் தொழிலை உண்மையாகச் செய்தால். ஆசிரியர் விசாவில் போனவர் பள்ளியில் ஒழுங்காகப் பாடம் நடத்த வேண்டும். பெயருக்கு ஒரு வேலையைக் காட்டினால், அகப்படும்போது துன்பப்படுவது அவர் மட்டும் அல்ல. அவரோடு பழகிய உள்ளூர் மக்களும் விசாரிக்கப்படுவார்கள். அவருக்கு ஊர் திரும்ப மலேசியக் கடப்பிதழ் இருக்கும். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

மொழியும் நட்பும்

அசரியா தமிழில் நல்ல பேச்சாளர். தோர்னக்கல்லில் அது உதவவில்லை. தெலுங்கைக் கற்றார், தெலுங்கில் பிரசங்கித்தார், மக்கள் தங்கள் மெட்டில் பாடுவதை ஊக்குவித்தார். 1939-இல் அங்கே பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயம், இங்கிலாந்துக் கோயில்களின் நகலாக இல்லாமல் இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலோடு எழுந்தது. இன்று புறப்படும் குடும்பத்துக்கும் முதல் ஓரிரு ஆண்டுகள் மொழி கற்பதற்கே போகும். அந்தக் காலத்தில் 'என்ன சாதித்தீர்கள்?' என்று சபை மாதந்தோறும் கேட்கக் கூடாது. கேட்டால், சொல்வதற்காகவே எதையாவது செய்யத் தோன்றும்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. மேலைநாட்டு மிஷனரிகள் எவ்வளவோ தியாகம் செய்தும், இந்தியர்களைச் சமமான நண்பர்களாக நடத்தவில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே அவர் சொன்னார். அவையில் பலருக்கு அது கசந்தது. இன்று மலேசியாவிலிருந்து ஓர் ஏழை நாட்டுக்குப் போகும் குடும்பத்துக்கும் அது பொருந்தும். போகும் இடத்தில் நம் கையில் இருக்கும் வெள்ளியும், ஓட்டும் காரும் நம்மைத் துரையாக்கிவிடலாம். தோட்டத்தில் துரை பங்களாவைக் கீழிருந்து பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருக்க முடியாது.

மதமாற்றம் குறித்த கருத்து வேறுபாடும் பழையதே. தோர்னக்கல் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவர்கள் ஆனதை 1930-களில் காந்தி கடுமையாக எதிர்த்தார். அசரியாவோ, அந்த மக்கள் தங்கள் சொந்த விருப்பத்தில் எடுத்த முடிவு அது என்று வாதிட்டார். உறவினர் ஒருவர் இதே கேள்வியை எழுப்பினால் சண்டையாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லப் பழகுவதும் ஆயத்தத்தில் சேரும்.

பிள்ளைகள்

பெற்றோர் ஒரு நாட்டினர், வளர்வது வேறு நாட்டில் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளை, 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று குறிப்பிட்டார். இவர்களுக்குப் பல மொழி வரும், பல மக்களோடு பழக வரும். ஆனால் 'உன் ஊர் எது?' என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள்.

தமிழ்க் குடும்பத்துக்கு இதில் இன்னொரு கவலை உண்டு. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால், திரும்பி வரும்போது அதற்குத் தமிழ் எழுத வருமா? மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளியில் சேர முடியுமா? வீட்டில் தமிழே பேசுவது, பாட நூல்களைக் கையோடு எடுத்துச் செல்வது, தாத்தா பாட்டியோடு வாரம் ஒரு முறை வீடியோவில் பேசவைப்பது ஆகியவை சிறிய காரியங்கள்தாம். ஆனால் முதல் மாதத்திலேயே தொடங்காவிட்டால் பிறகு நடக்காது.

பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்வதும் அவசியம். கடைசி வாரத்தில் சொல்லி, தோழர்களிடம் விடைபெறக்கூட நேரம் கொடுக்காமல் கூட்டிப்போவது அதன் மனத்தில் நெடுநாள் நிற்கும்.

தங்குகிறவர்கள்

செரண்டாவில் ஓர் இளம் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மகனின் அப்பா பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் வேலை செய்தவர். தோட்டம் விற்கப்பட்ட பின் தாமானுக்கு வந்தவர். சர்க்கரை நோய். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைதான் உலகம். அவர்கள் சபைக்குப் போகாதவர்கள் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். "எனக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருப்பா கொள்ளி வைப்பது?" என்று அப்பா கேட்பார். அந்தக் கேள்விக்குள் சமயம் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது.

இதற்கு வேத வசனம் பதில் ஆகாது. மாதம் மருந்து வாங்கிக் கொடுப்பது யார், மருத்துவமனைக்கு அழைத்துப் போவது யார், மகன் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருவான், அவசரம் என்றால் டிக்கெட் பணம் எங்கே இருக்கிறது, இறுதிக் காரியங்களில் மகன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்பதையெல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். பாரம் முழுவதும் ஊரில் தங்கும் ஒரே தங்கையின் மேல் விழுந்தால், அவளும் ஊழியத்தில் பங்கெடுக்கிறாள் என்பதைச் சபை உணர வேண்டும். அவளுக்கும் உதவி தேவைப்படும்.

நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவர்களைப் பெற்றவர்களும் கரையில் நின்றார்கள். பலர் மறுபடி பார்க்கவே இல்லை. வறுமை துரத்தியதால் போனவர்களுக்குப் பேசி முடிவெடுக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. விரும்பிப் போகும் இன்றைய குடும்பத்துக்கு அந்த நேரம் இருக்கிறது. வழியனுப்புக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, அப்பா அம்மா இருக்கும் வீட்டு மேசையில் இந்தப் பேச்சை முடித்துவிடுவது நல்லது.